கண்ணொளியும் கொல்லாமையும்

1955ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், மகாராட்டிர மாநிலத்துக் குந்தல்கிரி என்னும் திருத்தலத்தில், ஆசாரிய சாந்திசாகர் மகாராஜ் அவர்கள் சல்லேகனை நோன்பை மேற்கொண்டார்கள். ஒரு திங்கள் கழிந்து, செப்டம்பர் 18ஆம் நாள் அமைதியாக உடல் நீத்தார்கள். அருகி வந்த திகம்பர முனி மரபை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் தழைக்கச் செய்த பெருந்தகை அவர்கள். அந்நோன்பை ஏற்றமைக்கு முதுமையும் தளர்ச்சியும் மட்டும் காரணமல்ல. கண்ணொளி மங்கிப்போனமையும் ஒரு பெருங்காரணம். அடி வைக்கும் நிலத்தில் எறும்பு ஊர்கின்றதா, கையில் ஏற்கும் உணவில் சிற்றுயிர் உள்ளதா என்பதைத் தம் கண்ணால் கண்டு தெளிய இயலாதபோது, முனிவர்க்குரிய அஹிம்சா மகாவிரதம் எங்ஙனம் நிற்கும்? விரதத்தை விட்டு உடலைக் காப்பதினும், உடலை விட்டு விரதத்தைக் காப்பதே மேல் என அவர்கள் துணிந்தார்கள்.

இந்நிகழ்ச்சி கண் என்னும் பொறியைப் பற்றி நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றது. உலகத்தார் கண்ணை இன்பம் நுகரும் வாயிலாகக் கருதுவர். நம் அறநெறியோ அதனை அருளின் கருவியாகவும் வைத்துள்ளது. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவதாகிய ஈர்யா சமிதி, முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி நடத்தலையே குறிக்கும். இல்லறத்தார்க்கும் அவ்வாறே. நீரை வடிகட்டிப் பார்ப்பதும், தானியத்தைப் புடைத்து ஆராய்வதும், கதிரவன் மறையுமுன் உண்பதும் எல்லாம் கண்ணால் உயிர்களைக் காக்கும் செயல்களேயாம். கண் கெட்டால் நம் கருணையின் கை ஒன்று முடமாகின்றது.

அத்தகைய கண்ணைக் காக்கும் அறிவு, வேறு உயிர்களை வருத்திப் பெறப்பட்டதாயின், அதனை நாம் ஏற்கலாமா? எறும்பைக் காக்கும் கண்ணுக்காக எலி உயிர் துறக்கலாமா? கண் மருத்துவத்தில் தோன்றியுள்ள ஒரு புதிய முறையைப் பற்றி எண்ணும்போது இவ்வினா நம் முன் எழுகின்றது. இதற்கு விடை எளிதன்று. எனினும் கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இதனை எண்ணாமல் கடந்து செல்வது முறையாகாது.

நோயும் புதிய முறையும்

குளுக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் ஓசையின்றி வரும் கள்வன் போன்றது. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்பணுக்கள் ஒரு கண்ணில் சுமார் 10 லட்சம் உள்ளன. இந்நோயில் அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. வலி இல்லை, சிவப்பு இல்லை. முதலில் பார்வையின் ஓரங்களே தேய்வதால் நோயாளர் ஏதும் உணர்வதில்லை. நரம்பணுக்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அழிந்த பின்னரே பலருக்கும் பார்வைப் பரப்புச் சோதனையில் குறை வெளிப்படுகின்றது. இழந்த பார்வை மீள்வதில்லை. எஞ்சியதைக் காக்க மட்டுமே மருந்தும் அறுவையும் உதவும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் தமிழகத்து ஊர்ப்புறங்களில் ஆய்வு நடத்தி 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். அதன்படி, இந்நோய் உடையோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தம் நோயை அறியாமலேயே இருந்தனர்.

நரம்பணு மடிவதை அது மடியும் பொழுதிலேயே காண இயலுமா? இலண்டன் மாநகரில் பேராசிரியர் பிரான்செஸ்கா கார்டெய்ரோ அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டனர். உடலின் அணுக்கள் பல அடிபட்டு மடிவதில்லை. தமக்குள் அமைந்த ஓர் ஒழுங்கின்படி அடங்கி மடிகின்றன. 1972ஆம் ஆண்டில் கெர், வைலி, கரி என்னும் மூன்று அறிஞர்கள் இதற்கு ‘அப்போப்டோசிஸ்’ எனப் பெயரிட்டனர். கிரேக்க மொழியில் அது மரத்தினின்று இலை உதிர்வதைக் குறிக்கும் சொல். வினைகள் ஆன்மாவினின்று நீங்குவதை ‘உதிர்ப்பு’ என வழங்கும் நமக்கு இச்சொல் வியப்பளிக்கும். ஆயினும் இரண்டும் வேறு. அவர்கள் கூறுவது புத்கலமாகிய உடம்பின் அணு உதிர்வது. நாம் கூறுவது உயிரைப் பற்றிய வினை உதிர்வது.

மடியத் தொடங்கும் அணு ஓர் அடையாளத்தைக் காட்டுகின்றது. அதன் மென்தோலின் உட்புறத்தில் இருந்த ஒருவகைக் கொழுப்புப் பொருள் வெளிப்புறத்துக்குப் புரண்டு வருகின்றது. அனெக்சின் என்னும் புரதம் அப்பொருளை நாடிச் சென்று பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அப்புரதத்தோடு ஒளிரும் சாயம் ஒன்றைப் பிணைத்துக் கை நரம்பின் வழியே செலுத்திவிட்டு, லேசர் ஒளியால் விழித்திரையைப் படமெடுத்தால், மடிந்துகொண்டிருக்கும் அணுக்கள் இருண்ட பரப்பில் வெண்புள்ளிகளாகத் தோன்றுகின்றன. உடலைக் கீறாமல் நரம்புத் திசுவை நேரே காணக்கூடிய இடம் கண் ஒன்றே ஆதலின் இது கைகூடிற்று. இம்முறை இன்னும் எல்லா மருத்துவமனைகளிலும் செய்யப்படும் பொதுச் சோதனையாக ஆகவில்லை. பார்வை குன்றுமுன்னரே நோயின் வேகத்தை அறியலாம், தந்த மருந்து பயன் தருகின்றதா என்பதை விரைவில் தெளியலாம் என்பதே இதனால் விளையும் நம்பிக்கை.

அவ்வறிவு வந்த வழி

இனி, இவ்வறிவு வந்த வழியை நோக்குவோம். இம்முறை பற்றிய முதல் ஆய்வுரை 2004இல் வெளிவந்தது. அதில் கூறப்பட்ட கண்கள் மனிதருடையன அல்ல. எலிகளுடையனவும் குரங்கினத்தைச் சேர்ந்தவையுமாகும். எலிகளின் கண்ணில் அழுத்தத்தை வேண்டுமென்றே உயர்த்தியும், பார்வை நரம்பை அறுத்தும், அணுக்களைக் கொல்லும் மருந்தைச் செலுத்தியும் நோய் உண்டாக்கப்பட்டது. அதன்பின் நரம்பணுக்கள் மடிவது படமாக்கப்பட்டது. 2010இல் வந்த மற்றோர் ஆய்வில் அல்சைமர் என்னும் மறதி நோய் உண்டாகுமாறு பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகள் பயன்பட்டன. இவர்கள் கொடியவர்கள் அல்லர். தத்தம் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு, மனிதர் குருடாவதைத் தடுக்க முயன்ற மருத்துவர்கள். ஆயினும் அவ்வுயிர்கள் துன்புற்றன என்பதும் உண்மையே.

எலியும் குரங்கும் நம் சாத்திரப்படி ஐம்பொறியும் மனமும் பெற்ற உயிர்கள். அஞ்சுவன, நோவுணர்வன, வாழ விரும்புவன. சாகும் நாயின் செவியில் பஞ்ச மந்திரம் ஓதி அதனைத் தேவகதிக்கு உய்த்த சீவகன் வரலாற்றைக் குழந்தைப் பருவம் முதலே கேட்டு வளர்ந்த நாம், ‘அவை விலங்குகள்தாமே’ என ஒதுக்கிவிட இயலாது. யசோதர காவியத்தில் மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே மன்னனும் தாயும் பல பிறவிகளில் விலங்குகளாய்ப் பிறந்து வருந்தினர் என்பதையும் நாம் அறிவோம். கொல்லும் எண்ணமே கட்டு என்றால், மெய்யாகவே உயிர் போன இடத்தில் வினை இல்லை என யாரால் கூற முடியும்?

இங்கே ஒருவர் மருத்துவரின் உவமையை எடுத்துக் காட்டக்கூடும். நோயாளியைக் காக்கக் கத்தி எடுத்த மருத்துவர் கையில் நோயாளி இறந்தாலும், அம்மருத்துவர் கொலையாளி ஆகார் என நம் ஆசிரியர்கள் கூறியுள்ளனர். எண்ணம் தூயதாயின் ஹிம்சை இல்லை அன்றோ என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் ஒரு பிழை உண்டு. அம்மருத்துவர் யார் உடலைக் கீறினாரோ அவர் நன்மையையே நாடினார். ஆய்வுக்கூடத்து எலியின் உடல் கீறப்பட்டது அந்த எலியின் நன்மைக்காக அன்று, வேறொருவர் நன்மைக்காக. அதற்கு நோய் இல்லை, நோய் தரப்பட்டது. ஆதலின் மருத்துவர் உவமை இங்குப் பொருந்தாது. நல்ல நோக்கம் வினையின் கடுமையைக் குறைக்கலாம். வினையே இல்லை என ஆக்கிவிடாது.

வாங்குவோர் பொறுப்பு

‘ஆய்வு செய்தவர்கள் அயல்நாட்டார், நாம் மருந்தை மட்டுமே பெறுகின்றோம், நமக்கு இதில் என்ன பங்கு?’ என்று கேட்பாரும் உளர். இதற்கு விடை கூறத் திருக்குறளின் புலான் மறுத்தல் அதிகாரமே போதும். உண்பார் இல்லையேல் விலைக்கு ஊன் விற்பாரும் இலர் என்னும் கருத்து அங்கே தெளிவாக்கப்பட்டுள்ளது. கொன்றவன் வேறு, தின்றவன் வேறு எனக் கூறித் தப்புவோரின் வழியை அது அடைத்துவிடுகின்றது. நம் சாத்திரமும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றாகவும், மனம், வாக்கு, காயம் என மூன்றாகவும் பகுத்து, ஒன்பது வழிகளில் வினை வரும் என்கின்றது. நாம் எலியைக் கொல்லவில்லை. கொல்லுமாறு ஏவவும் இல்லை. ஆனால் உடன்படுதல் என்னும் வாயில் திறந்தே கிடக்கின்றது.

அப்படியாயின் ஊன் உண்பதும் இம்மருத்துவத்தை ஏற்பதும் ஒன்றா? அன்று என்பதே நம் துணிபு. ஊன் ஒவ்வொரு முறை உண்ணப்படும்போதும் புதிதாக ஓர் உயிரின் மரணத்தை வேண்டி நிற்கின்றது. இன்றைய உணவுக்கு இன்று ஒரு கொலை. நாளைய உணவுக்கு நாளை ஒரு கொலை. அறிவோ ஒருமுறை பெறப்பட்டபின் ஆயிரம் பேர் பயன்படுத்தினும் புதிய உயிரைக் கேட்பதில்லை. நேற்று எலி பட்ட துன்பம், இன்று நாம் கண் சோதனையை மறுப்பதால் இல்லை என்று ஆகிவிடாது. ஊனுக்கு மாற்றாகத் தானியமும் காயும் கனியும் உள்ளன. குருடாகப்போகும் கண்ணுக்கு மாற்று இல்லை.

மறுத்தலாலும் ஹிம்சை விளையும் என்பதை எண்ணுதல் வேண்டும். நாற்பது வயதுடைய ஒரு குடும்பத் தலைவர் விலங்கு ஆய்வை வெறுத்து மருந்தை விலக்கிப் பார்வையை இழப்பாராயின், அவர் மனையும் மக்களும் படும் துன்பத்துக்கு யார் பொறுப்பு? கண் இருந்தபோது காத்துவந்த சிற்றுயிர்களை இனி அவரால் காக்க இயலுமா? முனிவர் கண்ணொளி மங்கியபோது உடலையே துறந்தார். அது மகாவிரதிகளின் நெறி. இல்லறத்தார்க்கு உரியது அணுவிரதம். நம் குடும்பங்கள் பலவும் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் ஏர் பிடித்து வாழ்ந்தவை. கொழுமுனையில் மண்புழு மடிகின்றது என்பதை அறிந்தே நம் முன்னோர் உழுதனர். அதனால் உழவை விடவுமில்லை. மண்புழுவின் உயிர் பொருட்டன்று எனக் கூறவுமில்லை. சங்கல்ப ஹிம்சையை முற்றும் துறந்து, தொழிலாலும் வாழ்க்கையாலும் வரும் ஹிம்சையை இயன்றவரை குறைத்து, குறையாத பகுதிக்காக வருந்துவதே இல்லறத்தார் நெறி. மருந்தைப் பெறும்போதும் அந்நெறியே நமக்கு வழிகாட்டியாதல் வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. அறிவு புதிய உயிரைக் கேட்பதில்லை என்றோம். ஆனால் அந்த அறிவை மகிழ்ந்து ஏற்கும் நம் மனம், அடுத்த ஆய்வுக்கு அடுத்த எலியைக் கேட்கக்கூடும். ‘விலங்குகள் இன்றி மருத்துவம் ஏது’ என நாம் எளிதாகச் சொல்லும்போது உடன்படுதல் நிகழ்ந்துவிடுகின்றது. கண்ணில் துளிமருந்து விடும் கைக்கும், அக்கொலையைச் சரியென்று கூறும் வாய்க்கும் இடையே வேற்றுமை உண்டு. கை தேவையால் ஏற்கின்றது. வாய் விரும்பி ஒப்புகின்றது. வினை பெரிதும் பற்றுவது அங்கேதான்.

பதினாறு பேர் காட்டிய வழி

இந்த ஆய்வின் பிற்பகுதியே நம் உள்ளத்தைத் தொடுகின்றது. 2017ஆம் ஆண்டு ‘பிரெயின்’ என்னும் ஆய்விதழில், மனிதர் கண்ணில் இம்முறையைச் செய்து பார்த்த முடிவு வெளிவந்தது. 16 பேர் அதில் பங்கேற்றனர். 8 பேர் நோயாளிகள். 8 பேர் நோயற்றவர்கள். அரை மில்லிகிராமுக்கு மேற்படாத அளவில் சாயம் பிணைத்த புரதம் அவர்கள் கையில் செலுத்தப்பட்டது. நோயாளிகளின் கண்ணில் வெண்புள்ளிகள் மிகுதியாகக் காணப்பட்டன. பின்னாளில் நோய் விரைந்து முற்றியவர்களின் கண்ணில் அவை இன்னும் மிகுந்திருந்தன எனத் தெரிய வந்தது.

நோயற்ற அந்த 8 பேரை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்களுக்கு இதனால் மருத்துவப் பயன் ஏதுமில்லை. மனிதர்க்கு அதுவரை தரப்படாத ஒரு பொருளை, அதன் இடர்களைக் கேட்டறிந்து, தம் உடலில் ஏற்றனர். எலிக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: எலியைக் கேட்டார் இல்லை, இவர்கள் தாமே இசைந்தனர். பிறர் உடலை எடுத்துக்கொள்வது ஹிம்சை. தம் உடலைப் பிறர் நலனுக்குத் தருவது தானம். ஒரே ஆய்வில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நின்றன. முன்னதைக் குறைத்துப் பின்னதை வளர்ப்பதே அறம் விழைவார் செய்யத்தக்கது.

இம்முறையே ஓரளவு அத்திசையில் செல்வதையும் கூறுதல் நேர்மையாகும். முன்பெல்லாம் எலியின் விழித்திரையில் அணுக்கள் எத்தனை மடிந்தன என எண்ண வேண்டுமாயின், அந்த எலியைக் கொன்று திசுவைச் சீவிப் பார்த்தல் வேண்டும். முதல் வாரத்துக்குச் சில எலிகள், இரண்டாம் வாரத்துக்குச் சில எலிகள் எனக் கொலை தொடரும். உயிருள்ள கண்ணிலேயே காணும் முறை வந்தபின் ஒரே விலங்கைப் பல நாள் தொடர்ந்து நோக்கலாம். தேவைப்படும் விலங்குகளின் எண்ணிக்கை குறைகின்றது. 1959ஆம் ஆண்டிலேயே ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர், விலங்குக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை அறிவியலார்க்கு வகுத்தனர். மனித அணுக்களிலிருந்தே சிறு விழித்திரைத் திசுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் முறையும் இன்று வந்துள்ளது. அமெரிக்க நாடு 2022 டிசம்பரில் புதிய மருந்துகளுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்னும் சட்ட விதியை நீக்கிற்று. நம் நாடும் 2023இல் மருந்து ஆய்வு விதிகளைத் திருத்தி மாற்று முறைகளுக்கு இடம் தந்தது. அதற்கு முன்பே 2014இல் அழகுப் பொருள்களுக்காக விலங்குகளைச் சோதிப்பதை இந்தியா தடை செய்தது. அஹிம்சை என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்பார்க்கு இவை தக்க விடையாகும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, நம் கண்ணைப் பேணுதல். உயிர்கள் துன்புற்றுக் கிடைத்த அறிவைப் பயன்படுத்தாமல் வீணாக்குவது அத்துன்பத்துக்கு இரட்டை அவமதிப்பாகும். நாற்பது வயது கடந்தோரும், பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் உள்ளோரும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். ‘பார்வை நன்றாகத்தானே இருக்கின்றது’ என்னும் அயர்வை நம் சாத்திரம் பிரமாதம் என்று அழைக்கின்றது. ஹிம்சைக்கு வித்தாக அது கூறுவதும் இப்பிரமாதத்தையே.

இரண்டாவது, தானம். கண்தானத்துக்கு நம் குடும்பங்கள் முன்வருதல் வேண்டும். உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்கள் எடுக்கப்படுதல் வேண்டும். கண்ணாடி அணிந்தவர்களும் தரலாம். பிறருக்குப் பொருத்த ஏலாத கண்கள், குடும்பத்தார் இசைவுடன், ஆய்வுக்கும் பயிற்சிக்கும் பயன்படுகின்றன. மனிதக் கண் ஆய்வுக்குக் கிடைக்கும் அளவுக்கு விலங்கின் கண்ணை நாடும் தேவை குறையக்கூடும். உயிர் நீங்கிய உடல் வெறும் புத்கலம் என்பதை நாள்தோறும் ஓதும் நாம், அதனைத் தரத் தயங்குவது பொருந்துமா? தக்க பாதுகாப்புடன் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில், இடர்களைத் தெளிவாகக் கேட்டறிந்து, விரும்புவோர் பங்கேற்பதும் இவ்வகைத் தானமேயாகும்.

மூன்றாவது, கேள்வி கேட்டல். நம் பிள்ளைகள் பலர் இன்று மருத்துவமும் உயிர்நுட்பமும் பயில்கின்றனர். ‘இதற்கு விலங்கு தேவைதானா? மாற்று உண்டா?’ என்று வகுப்பறையிலும் ஆய்வுக்கூடத்திலும் அவர்கள் பணிவுடன் கேட்குமாறு பழக்குவோம். கொல்லாமைக் குலத்தில் பிறந்த ஒருவர் மாற்று முறை ஒன்றைக் கண்டறிவாராயின், அதைவிடச் சிறந்த அறப்பணி வேறு யாதுளது?

இவை யாவும் செய்த பின்னரும் நம் கைகள் முற்றும் தூயன என்று கூறும் உரிமை நமக்கில்லை. நாம் உண்ணும் மாத்திரையிலும் ஊற்றும் துளிமருந்திலும் பெயரறியா உயிர்களின் நோவு கலந்துள்ளது. அதனை மறைக்காமல் ஒப்புக்கொள்வதும் ஓர் அறமே. ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் நமக்கு விதிக்கப்பட்டது இதற்காகவேயாம். தசலட்சண நோன்பு நிறைவெய்தி எல்லா உயிர்களிடமும் பொறுத்தருளுமாறு வேண்டும் நாளில், உற்றார் உறவினரை மட்டும் நினைத்து முடித்துவிடாமல், எங்கோ ஒரு கூண்டில் கண் நோக மடிந்த அந்த எலியையும் குரங்கையும் நினைப்போமாக. அவற்றால் காக்கப்பட்ட கண்ணைக்கொண்டு, நாளை நம் வாசலில் ஊரும் எறும்பின்மேல் அடி படாமல் விலகி நடப்போமாக. அக்கடனைத் தீர்க்க நம்மால் ஆவது அவ்வளவே. அதையேனும் தவறாது செய்வோமாக.

அறம் வளர்க! அருள் ஓங்குக!